பாலும் காளைக்கன்றும்

வணக்கம்.

என் மகள் ஆறு மாதமாகப் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. கேட்டால் நனிசைவம் என்கிறாள், விலங்கிடமிருந்து வரும் எதுவும் வேண்டாமாம். தலைமுறை தலைமுறையாக மரக்கறி உண்ணும் குடும்பம் எங்களுடையது. புலால் வேண்டாம் என்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாலில் என்ன கொலை இருக்கிறது? கன்று குடித்தது போக மீதியைத்தானே கறக்கிறார்கள்? கறக்காமல் விட்டால் மடி கட்டி மாட்டுக்குத்தானே வேதனை? இன்னொரு சந்தேகமும் உண்டு. மாட்டிறைச்சி உண்பவர்களை அடிக்கக் கிளம்பும் கூட்டத்துக்கு இந்தப் பேச்சு துணைபோய்விடாதா? கடைசியாக ஒரு வீட்டுக்கவலை. தயிர்ச்சோறு இல்லாமல் வளராத பெண் அவள். உடம்பு தாங்குமா?

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம்தான் நனிசைவத்தின் பிறப்பே. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் மரக்கறியாளர் சங்கத்தின் இதழில் பால் கலவாத உணவு பற்றி எழுத இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. பிரிந்து வந்து தனிச் சங்கம் கண்டார்கள், 'வீகன்' என்ற சொல்லையும் உண்டாக்கினார்கள். புலால் உண்பவர்களைவிடப் பால் குடிப்பவர்களை நோக்கித்தான் அந்தக் கேள்வி முதலில் எழுந்தது. ஆகவே உங்கள் மகள் உங்களிடம் கேட்பதில் வியப்பில்லை.

பசு ஈன்றால்தான் பால். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈன்று இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை ஊசி போட்டால்தான் பண்ணைக்குக் கட்டுப்படியாகும். சுமார் 305 நாள் கறவை, அடுத்த ஈற்றுக்கு முன் 60 நாள் வற்றவிடுதல். ஆக ஒரு மாடு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுகிறது. பிறப்பில் கிடேரியும் காளையும் பாதிக்குப் பாதி.

இப்போது 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் பசுவினம் சுமார் 19 கோடி. அதில் பெண் 14.5 கோடி, ஆண் 4.7 கோடி. எருமையில் இடைவெளி இன்னும் பெரிது: பெண் 10 கோடிக்கு மேல், கடா ஒரு கோடிக்கும் குறைவு. சமமாகப் பிறந்தவை இப்படி ஆகின்றன. உங்கள் முதல் கேள்விக்கான பதில், காணாமல் போன இந்த ஆண் கன்றுகளிடம்தான் இருக்கிறது.

ஒரு கலப்பினக் கன்று பிறக்கும்போது 20 முதல் 25 கிலோ இருக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டும். மூன்று மாதத்துக்கு 180 லிட்டர். கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய் என்று வைத்தால் 6,840 ரூபாய். கிடேரி அதை நாளை பாலாகத் திருப்பித் தரும். காளைக்கன்று எதைத் தரும்? உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜெர்சிக் கலப்புக் காளைக்கு நுகத்தடி உட்கார நல்ல திமில் கிடையாது, வெயிலும் தாங்காது.

அதனால் சில கன்றுகள் இறைச்சிக்கு விலைபோகின்றன. மற்றவை சாகும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கத்தியே இல்லை. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலிருக்கும் கன்றுக்குப் போய்ச் சேராது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அப்படி. ஈன்ற முதல் ஓரிரு மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் அந்தச் சக்தி வந்து சேர வேண்டும். ஒரு நாள் கடந்தால் கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். காளைக்கன்றுதானே என்று சீம்பாலைக் குறைத்தாலோ, ஒரு மிடறோடு இழுத்துக் கட்டினாலோ, சில நாளில் கழிச்சல் காணும். கண் குழி விழும், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும், காது சில்லிட்டுப் போகும். பிறகு எழுந்திருக்காது. யாரும் கொல்லவில்லை, கன்று 'தங்கவில்லை' என்பார்கள். பாலில் கொலை இல்லை என்று நீங்கள் நம்புவது இந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

"கன்று குடித்தது போக" என்பதன் வரிசையையும் கவனியுங்கள். முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது முட்டி முட்டிச் சப்பும்போது மாட்டின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்புநீர் இரத்தத்தில் கலந்து மடி சுரக்கும். சுரப்பு நிற்பது ஐந்தாறு நிமிடம்தான். அந்த நிமிடங்களில் கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கறக்கிறார்கள். குடித்தது போக மீதி கறப்பது என்று இதைச் சொல்ல முடியாது. கறந்தது போக மீதிதான் கன்றுக்கு. நாட்டு மாடும் எருமையும் கன்றில்லாமல் எளிதில் சுரக்காது என்பதால்தான், கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்தும் வழக்கம் வந்தது. தோற்கன்று என்ற சொல்லே நம் மொழியில் பழையது. இன்று அந்த இடத்துக்கு ஆக்சிடோசின் ஊசி வந்திருக்கிறது. கறவைக்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது.

மடி கட்டினால் வேதனை என்பது உண்மை. நாளுக்கு 12 லிட்டர் கறக்கும்படி இனம் பெருக்கிவிட்டு, 2 லிட்டர் குடிக்கும் கன்றை வைத்திருந்தால் மடி கட்டத்தான் செய்யும், மடிநோயும் வரும். மூன்று லிட்டர் சுரக்கும் நாட்டு மாட்டோடு கன்றை விட்டுவிட்டால் இந்தப் பேச்சே எழாது. அந்த வேதனைக்கு நாம்தான் காரணம் என்றிருக்கும்போது, அதையே கறப்பதற்கு நியாயமாக்க முடியாது.

கன்றையும் கிழமாட்டையும் கொல்லாமல் வைத்துப் பால் எடுக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு 6 ஈற்று, ஈற்றுக்கு 305 நாள், நாளுக்கு 8 லிட்டர்: 14,640 லிட்டர். பத்து வயதில் கறவை ஓய்ந்து 18 வயது வரை இருந்தால் 8 ஆண்டு சும்மா வளர்க்க வேண்டும். மூன்று காளைகள் ஆளுக்கு 18 ஆண்டு என்றால் 54. மொத்தம் 62 ஆண்டுத் தீனி. நாளுக்கு 100 ரூபாய் என்று மிகச் சிக்கனமாகப் போட்டாலும் 22 லட்சத்து 63 ஆயிரம். லிட்டருக்கு ஏறத்தாழ 155 ரூபாய் கூடுதல், அதுவும் கறவை மாட்டின் சொந்தச் செலவு சேராமல். நீங்கள் வாங்கும் விலைக்குப் பால் கிடைப்பதே இந்தத் தீனியை யாரும் போடாததால்தான். அப்படி வளர்த்தாலும் காயடிப்பும் மூக்கணாங்கயிறும் மிஞ்சும். வலியைக் குறைத்தால் போதும் என்பவர்கள் அங்கே நின்றுகொள்ளலாம். இன்னோர் உயிரை உடைமையாக வைத்திருப்பதே தவறு என்பவர்கள் நிற்கமாட்டார்கள். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல உரையாடலாக இருக்கும்.

முட்டையிலும் இதே கதைதான். முட்டையினச் சேவல் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் வேகமாக வளராது, பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடைசெய்திருக்கிறது.

அரசியல் கேள்விக்கு வருகிறேன், அதைக் கேட்டதற்கு நன்றி. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம், ஆனால் 1976-இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் அறுப்பதைத் தடுக்கிறது. இருந்தும் பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் ஓய்ந்த மாடு அடிமாடாகக் கைமாறும்போது கிடைக்கும் தொகை, கறவைக்காரர் அடுத்த மாடு வாங்கும் பணத்தில் ஒரு பங்கு. அதாவது இறைச்சிக் கடை உங்கள் பால் பாக்கெட்டின் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. பாலை மட்டும் வைத்துக்கொண்டு அறுப்பதைத் தடைசெய்தால், ஓய்ந்த மாடு தெருவில் பிளாஸ்டிக் தின்று சாகும், நட்டம் ஏழைக் கறவைக்காரர் தலையில் விழும், அடிமாட்டுத் தரகருக்கும் தோல் உரிப்பவருக்கும் விழும். பால் குடிக்கும் ஒருவருக்கு மாட்டிறைச்சி உண்பவரைத் தண்டிக்க எந்த அறத்தகுதியும் இல்லை. இருவர் தட்டுக்கும் வருவது ஒரே மாடு. எருமை விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. நாட்டின் மொத்தப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவு எருமைப்பால். அதன் கடாவுக்காக எந்தக் கூட்டமும் கிளம்புவதில்லை. நனிசைவம் பேசுபவர் சாதியின் பெயரால் உணவை இழிவுசெய்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். இரண்டு மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்ணிடம் போய் இந்த வாதத்தைத் தொடங்குவதும் சரியில்லை. மாற்று உணவு வாங்க வசதியுள்ள நம் போன்ற வீடுகளில் தொடங்க வேண்டியது இது.

உடம்புக் கவலையில் ஒன்றே ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: வைட்டமின் பி12. வளர்ந்தவருக்கு நாளுக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம் தேவை, செடி உணவில் நம்பும்படி கிடைக்காது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். குடல் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் ஒழுங்காக உறிஞ்சும், மிகுதியில் நூற்றில் ஒரு பங்கு கசிந்து சேரும். அதனால் 1000 மைக்ரோகிராம் மாத்திரை வாரத்துக்கு இரண்டு. கல்லீரல் சேமிப்பு பல காலம் தாங்குவதால் குறைபாடு தாமதமாகத் தெரியும். கீரை நிறைய உண்பவர்களுக்கு அதிலுள்ள ஃபோலேட் என்ற சத்து இரத்தச்சோகையை மறைத்துவிடலாம், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். பாதம் மரத்துப் போனால் தள்ளிப்போடாமல் பரிசோதியுங்கள். பால் குடிக்கும் மரக்கறியாளர்களிடமும் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதால் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு (100 கிராமில் 360 மில்லிகிராம் அளவில்), தோல் நீக்காத எள், முருங்கைக்கீரை.

தயிருக்கு நிலக்கடலை. 200 கிராம் பச்சைக் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, 600 மில்லி தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டுங்கள். சிறு தீயில் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கட்டும். இதில் அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், எட்டு பத்துப் பச்சை மிளகாய்க் காம்புகளை லேசாக அலசி உள்ளே அமிழ்த்துங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான் உறை. சூடாக இருக்கும்போதே போட்டால் அது செத்துவிடும், தண்ணீர் கூடினால் தயிர் பிரிந்து நிற்கும். மூடி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மார்கழிக் குளிரில் ஹாட்பாக்ஸுக்குள் வைப்பது நல்லது. முதல் தடவை இளகலாகத்தான் வரும், மிளகாய் வாடையும் அடிக்கும். அதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றுங்கள், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. மூன்றாவது தடவை உறைந்ததைக் குழைந்த சோற்றில் பிசைந்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, நீங்களும் மகளுமாகச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.