பழைய கேரவன் வாங்கும் முன் கூரையில் ஏறிப் பாருங்கள்

போன மாதம் என் கேரவனில் (படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த வண்டி) வால்பாறைக்குப் போய்வந்ததை எழுதியதிலிருந்து, இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளில் பாதி வண்டி வாங்குவது பற்றித்தான். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். 2012 மாடல் டெம்போ டிராவலர் வேனின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்), பின்னால் தனியாகக் கூண்டு கட்டிய சின்ன கேரவன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறரை லட்சம் சொல்கிறார்கள். எங்கள் மெக்கானிக் இன்ஜின் அருமை என்கிறார். உள்ளே புதுசாக லேமினேட் ஒட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா சார்?
– வாசகர், ஹலசூரு, பெங்களூரு

பதில்: புதுசாக லேமினேட் ஒட்டியிருக்கிறார்கள் என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ஆசைக்காகவும் ஒட்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் விற்கப்போகிற நேரத்தில் ஒட்டினால், கீழே ஈரம் ஏறிக் கறுத்துப் போன ப்ளைவுட் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கூண்டு கட்டிய கேரவன் என்றால் முன் கேபினும் சேஸிஸும் மட்டும் கம்பெனியுடையது, பின்னால் இருக்கிற வீடு தனியாகக் கட்டியது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்களே, அதே மாதிரிதான். வேனுக்குள்ளேயே கட்டில் அடித்த வண்டியை விட இதில் சுவர் நேராக நிற்கும், இடம் தாராளம், குறுக்கே படுத்தாலும் கால் நீட்டலாம், எனக்கும் இந்த வகைதான் பிடிக்கும். ஆனால் இதில் இணைப்புகள் அதிகம். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, ஜன்னல் சட்டம், கூரை ஃபேனுக்கு வெட்டிய துளை, பின் விளக்கு, கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை வந்து முட்டும் இடம், எல்லா இடத்திலும் மழையைத் தடுப்பது சீலன்ட் என்கிற அடைப்புப் பசை மட்டும்தான். அது வெயிலில் காயும், வண்டி குலுங்கக் குலுங்க விரிசல் விடும், அப்புறம் தண்ணீர் உள்ளே சொட்டாது, சுவருக்குள்ளேயே இறங்கித் தரைப் பலகையில் போய் நிற்கும். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே சட்டம் துருப்பிடித்துக்கொண்டோ உளுத்துக்கொண்டோ இருக்கும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை நேராக ரிவெட் அடித்திருந்தால், ஈரம் பட்டதும் இரும்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதன் அடையாளம்.

2019ல் நான் என் வண்டியை வாங்கியபோது ஒரு மணி நேரம் இன்ஜினைப் பார்த்தேன், பத்து நிமிஷம் வீட்டைப் பார்த்தேன். அந்த வருஷம் அக்டோபர் மழையில் படுக்கைக்குக் கீழே மெத்தை நனைந்தது. பலகையைத் தூக்கினால் பின் மூலை முழுக்கக் கையோடு பிய்ந்து வருகிறது. விற்றவர் மேலே புதுப் பலகை போட்டு மூடியிருந்தார். இன்ஜின் இன்றைக்கு வரை நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அந்த மூலையைப் பிரித்துக் கட்ட எனக்கு நான்கு மாதம் ஆனது. டிராவலர் இன்ஜினுக்கு மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார், உதிரி பாகத்துக்கு ஜே.சி. ரோட்டுக்கோ கலாசிபாளையத்துக்கோ போனால் போதும். உளுத்த கூண்டுக்கு அப்படி ஒரு கடை கிடையாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய், கதவைத் திறந்த உடனே மோந்து பாருங்கள். ஈர வாடை தெரியும். அந்துருண்டை வாசனையோ ஊதுபத்தி வாசனையோ தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். படுக்கைக்கு அடியில், அலமாரியின் உள் மூலைகளில், சக்கர வளைவுக்கு மேலே, ஜன்னலின் கீழ் விளிம்பில் கட்டை விரலால் அழுத்துங்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் மந்தமாகும் இடத்தில் நின்றுவிடுங்கள். ஏணி கேட்டு வாங்கிக் கூரையைப் பாருங்கள், அங்கே எம்சீல் பூசியிருந்தால் ஏற்கெனவே ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். எம்சீல் நல்ல பொருள்தான், ஆனால் கல்லாக இறுகிவிடும், ஆடுகிற இணைப்பில் நிற்காது. மழை இல்லையென்றால் ஹோஸ் பைப்பில் அரை மணி நேரம் கூரையில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மனசில் ஒளிவு இல்லாதவர் இதற்கு மறுக்க மாட்டார். ஐரோப்பாவில் பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். 15 சதவீதம் வரை கவலையில்லை, 20ஐத் தாண்டினால் ஏன் என்று தேடுவார்கள், 30 என்றால் பலகை போய்விட்டது. அந்த மீட்டர் இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள்.

டயரில் பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. கேரவன் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம், டயர் தேயாமலே வயசாகிச் சாகும். ஏழு வருஷம் தாண்டியிருந்தால் ஒரு செட் டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக எடை மேடை. யஷ்வந்த்பூர், பீன்யா பக்கம் லாரிகள் போடும் மேடையில் வண்டியை ஏற்றி, ஆர்சியில் அனுமதித்திருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, நீங்கள் இருவரும் சுமார் 130 கிலோ, வீட்டு சிலிண்டர் ஒன்று நிரம்பினால் 30 கிலோவுக்குப் பக்கம், பாத்திரம் பண்டம் துணி எல்லாம் இதற்கு மேல். வெறும் வண்டியே எல்லையைத் தொட்டால், மலை இறக்கத்தில் பிரேக் உங்களுக்கு உதவாது. எல்லாம் சரியாக வந்தால், தாராளமாக வாங்குங்கள். இந்த வயசில் இருவரும் சேர்ந்து இப்படிக் கிளம்ப நினைத்ததே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு கேரவன் பார்த்தோம். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் இருக்கிறது, ஆர்சியில் மட்டும் ஆம்னி பஸ் என்று இருக்கிறது. "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் புரோக்கர்.
– வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: சாலையில் நிற்க வைத்து யாரும் கேட்காமல் இருக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள், எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது இன்ஸ்பெக்டர் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்றும், மோட்டார் கேரவன் என்றும் பதிவில் தனி வகைகள் உண்டு. ஆர்சியில் அப்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால், மாற்றிப் பதிந்து கொடுத்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். மாற்ற முடியாது என்று இழுத்தால், அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் இன்னொன்று. அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க ஃபாரம் 28, பெயர் மாற்ற 29, 30, பழைய கடன் ஏதாவது ஆர்சியில் ஏறியிருந்தால் அதை நீக்க 35. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. கர்நாடக வரியை வண்டியின் வயசைப் பார்த்துப் போடுவார்கள், அது சின்னத் தொகையாக இருக்காது. விலை பேசுவதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், மொத்த எடை 7,500 கிலோ வரை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே 2008 மாடல் ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம் மலிவாகக் கிடைக்கிறதாம். கப்பலில் அனுப்பச் சொல்லலாமா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: முடியாது சார். பழைய வண்டியை இறக்குமதி செய்ய, தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் போகும்போது சேர்ந்து ஊர் சுற்றலாம்.

கேள்வி: சினிமா ஷூட்டிங்குக்கு விட்ட பழைய கேரவன் விற்பனைக்கு இருக்கிறது. ஏசி, மேக்கப் கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு சுற்ற அது ஆகுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: அந்த வண்டி ஒரு இடத்தில் நாள் முழுக்க நிற்பதற்காகக் கட்டியது, ஊர் ஊராக ஓடுவதற்காக அல்ல. ஏசி ஜெனரேட்டரில் ஓடும். கண்ணாடியும் சோபாவும் அலங்காரப் பலகையும் சேர்ந்து எடை ஏறியிருக்கும், சமையலுக்கு இடமே இருக்காது, பதிவு வாடகை வண்டியாக இருக்கும். நீளமும் பார்க்க வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் சின்ன வண்டிதான் நிம்மதி. எனக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஹெச் சும்மா கிடக்கிறது. அதை வண்டியில் வைத்து ராத்திரி ஏசி ஓட்ட முடியுமா?
– வாசகி, கே.ஆர். புரம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பேட்டரியின் 150 ஏஹெச்சை (ஆம்பியர் ஹவர்) அதன் 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் போய்விடும், அதனால் கையில் இருப்பது 900. ஒரு டன் ஏசி ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினாலும் 240தான், எல்ஈடி விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கூரை ஜன்னலும் ஃபேனும் இருந்தால் இந்த ஊர் ராத்திரிக்குப் போதும்.

இன்னும் ஒன்று, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். படுக்கைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெளியே காற்று போக வழி வேண்டும். 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சுமார்தான், அதிலிருந்து 1,000 வாட் ஹவர் எடுக்கலாம். பணம் சேரும்போது அதற்கு மாறுங்கள், ஆனால் வண்டி ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) நேராக மாட்டாமல், நடுவில் சார்ஜை அளவோடு ஏற்றும் டிசி டிசி சார்ஜர் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்கள் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே வாங்கிவிட்டேன். முதல் மழையிலேயே பின் ஜன்னலுக்குக் கீழே ஒழுகுகிறது, சுவர் மெத்தென்று இருக்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். விற்றுவிடவா?
– வாசகர், சர்ஜாப்பூர் ரோடு

பதில்: விற்க வேண்டாம். முதலில் அந்தத் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். மழை இல்லாத நாளில் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்கள், ஒழுகும் விளிம்பில் மட்டும் தற்காலிகமாக பியூட்டைல் டேப் (ரப்பர் போல ஒட்டும் டேப்) ஒட்டுங்கள்.

ஜனவரி வந்ததும் உள்பக்கப் பலகையைப் பிரியுங்கள், மெத்தென்று இருக்கும் இடத்தோடு நிற்காமல், காய்ந்த நல்ல மரம் தெரிகிற வரைக்கும். இது வயிற்றைக் கலக்கும், எனக்கும் கலக்கியது. சட்டத்தில் துரு இருந்தால் தேய்த்து ப்ரைமர் அடியுங்கள், உளுத்த கட்டையை மாற்றுங்கள், இரண்டு வாரம் திறந்தபடியே காய விடுங்கள். ஜன்னலை முழுசாகக் கழற்றி, பழைய சிலிகானைத் துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் சிலிகான் இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. அப்புறம் பியூட்டைல் டேப், மேலே பாலியூரித்தேன் சீலன்ட். புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்தான், வெட்டிய விளிம்புகளுக்கும் எப்பாக்ஸி பூசச் சொல்லுங்கள், ஆசாரிகள் அதை விட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மூடுவதற்கு முன் ஒரு முறை ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டு, டார்ச் அடித்து உள்ளே ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மூடுங்கள்.