அக்கா நாலு மணிக்கு ஜெபிக்கிறார், நான்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவர் காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பார், வெள்ளிதோறும் உபவாசம், ஜெபத்தில் ஆவியானவர் தரும் வரமான அந்நிய பாஷையும் பேசுவார். நானும் நாலு மணிக்குத்தான் எழுகிறேன், பக்கவாதத்தில் பேச்சில்லாமல் படுத்திருக்கும் அத்தைக்குத் துணி மாற்ற. இரவு வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்தில் கண் சொருகுகிறது. சபையில் அக்காவைத்தான் ஆவிக்குரியவர் என்கிறார்கள். நான் விசுவாசத்தில் பின்வாங்கி, பின்மாற்றத்தில் இருக்கிறேனா?
- வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இல்லை சகோதரி. இதை எத்தனை நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கினீர்களோ என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

யோவான் 21-ஆம் அதிகாரத்தை எடுங்கள். விடியற்காலம், திபேரியா கடற்கரை, கரிநெருப்பில் மீன். தம்மை மூன்று தரம் மறுதலித்த சீடர் பேதுருவிடம் இயேசு மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, தம் ஆடுகளையும் ஒப்படைத்து, முதிர்வயதில் அவர் எப்படி மரிக்கப்போகிறார் என்பது வரை சொல்லிவிட்டார். இவ்வளவையும் கேட்ட கையோடு பேதுரு திரும்பிப் பார்க்கிறார், பின்னால் இன்னொரு சீடரான யோவான் வருகிறார், உடனே "இவன் காரியம் என்ன" என்று கேட்கிறார். அப்போதுதான் "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் ஆண்டவர். யோவான் பெரியவன் என்றோ சிறியவன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பேதுரு ரோமில் இரத்தசாட்சியாக மரித்தார், யோவான் எபேசுவில் தள்ளாத வயதுவரை இருந்தார் என்பது திருச்சபை மரபு. இருவரையும் அழைத்தவர் ஒருவர்தான்.

அந்நிய பாஷை வரவில்லையே என்று கலங்கவேண்டாம். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே கொரிந்தியரைக் கேட்கிறார் (1 கொரி. 12:30).

உங்கள் மாவட்டத்து டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை அரவணைத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். முன்போல ஓடியாட முடியாத அந்த இருபது வருஷத்தைப் பின்மாற்றம் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் ஒன்று, அக்காவின் ஜெபத்தை வெளிவேஷம் என்று நினைக்கத் தொடங்கிவிடாதீர்கள், ஒப்பிட்டுப் பழகிய மனசு சீக்கிரம் அந்தப் பக்கமும் சாயும். அவரிடம் நேராகவே கேளுங்கள்: "அக்கா, வாரத்தில் இரண்டு நாள் அத்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கொஞ்சம் உட்கார்ந்து ஜெபிக்கிறேன்." இது சண்டை இல்லை, உங்களுக்கு ஓய்வும் வேண்டும்.

மற்ற நாட்களில் துணி மாற்றும்போது அத்தை கோயிலில் பாடிப் பழகிய கீர்த்தனை ஒன்றை மெதுவாகப் பாடுங்கள். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் வாயில் நிற்பதுண்டு. உதடு அசைகிறதா என்று பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.