பக்கத்து வீட்டுச் சத்தம்

அன்புள்ள அக்கா,

புளியந்தோப்பில் போர்டு வீட்டில் இருக்கிறோம். ஐந்து பேர், ஒரே ரூம். நான் ஐ.டி. வேலைக்குப் போகிறேன். அம்மா என் போனை எடுத்துப் பார்க்கிறார். எதிர்வீட்டு அத்தை கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறார். டிரஸ் மாற்ற பாத்ரூம்தான். தனியாகக் கொஞ்சம் இருக்கணும் என்றால் 'படிச்ச திமிர்' என்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஆள் ராத்திரி குடித்துவிட்டு மனைவியை அடிக்கும்போது எல்லா வீட்டிலும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். 'அது அவங்க குடும்ப விஷயம், உனக்கு இன்னா' என்கிறார் அம்மா. ஆபீசில் 'நார்த் மெட்ராஸா, பயமா இருக்காதா' என்று கேட்பவர்களிடம் சண்டை போட்டும் அலுத்துவிட்டது. நம்ம ஜனங்களுக்குப் பிரைவசின்னா என்னன்னே தெரியலை அக்கா. வேளச்சேரியில் ஒரு ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறேன். போனால் சுயநலமா?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த டிவி சத்தம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதில் நமக்கு எவ்வளவு பாத்தியதை என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஆபீஸ் பேச்சை விடு. பேசின் பிரிட்ஜைத் தாண்டி வட சென்னைக்குள் வராதவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் உனக்கு மூச்சுதான் வாங்கும். அம்மா போனைப் பார்ப்பது தப்பு. லாக் போட்டுவிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிடு.

ஆனால் நம்ம ஜனங்களுக்குப் பிரைவசி தெரியாது என்று எழுதினாயே, அதை என்னால் விட முடியாது. யாரைச் சொல்கிறாய்? விடியுமுன்னே எழுந்து, நாலு பேர் கண் விழிப்பதற்குள் புடவையை மறைப்பாகக் கட்டிக் குளித்து முடித்த உன் பாட்டியையா? 1970இல், உங்கள் போர்டு வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் வந்தது பெரிய காரியம்தான். ஒவ்வொரு கோடையிலும் தீக்குப் பயந்து கிடந்த ஜனத்துக்குத் தலைக்குமேல் கான்கிரீட் கிடைத்தது. ஆனால் ஒரு ரூமும் ஒரு அடுப்படியும் போதும் என்று பிளான் போட்டவர்கள், பிள்ளைக்குக் கல்யாணமானால் அப்பன் ஆத்தா எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. மாடிப்படியிலும் மொட்டைமாடியிலும் படுத்தார்கள். 2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' என்று மாற்றினார்கள். பெயர் மாறட்டும், நல்லதுதான். நீ இன்னும் பாத்ரூமில்தானே டிரஸ் மாற்றுகிறாய்? உன் கோபம் போக வேண்டிய இடம் அது. எதிர்வீட்டு அத்தையின் தலையில் ஏன் கொட்டுகிறாய்?

நான் வளர்ந்தது கொருக்குப்பேட்டையில், ஒண்டுக்குடித்தனத்தில். காசிமேட்டிலிருந்து மீன் கூடை தூக்கி விற்கிற ஓர் அம்மா கடைசி வீட்டில் இருந்தார். எல்லாருக்கும் ஆயா. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று 'இன்னாம்மா, வரலாமா' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் பாவாடை மாற்றிக்கொண்டிருந்தால், வாசல் பக்கம் திரும்பி முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொள்வார். நான் 'ஆச்சு ஆயா' என்று சொல்கிறவரை திரும்ப மாட்டார்.

அதே ஆயா, மூன்றாவது வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். நேராகப் போய்க் கதவைத் தட்டுவார். 'ஏ பொண்ணே, தீப்பெட்டி குடு' என்பார். வாங்கிக்கொண்டு போகவும் மாட்டார். நிலைப்படியிலேயே உட்கார்ந்து சுருக்குப்பையைப் பிரிப்பார், வெற்றிலையைத் துடைப்பார், நரம்பைக் கிள்ளுவார், விரல் நுனியில் சுண்ணாம்பெடுத்து நிதானமாகத் தடவுவார். அந்த ஆள் கையை ஓங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அப்புறம், 'குடத்த எட்த்துக்கினு வா, பம்புல தண்ணி வருது' என்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவார். அந்த நேரத்தில் பம்பில் தண்ணீர் வராது என்று தெருவுக்கே தெரியும். அவனுக்கும் தெரியும்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், நீ சலித்தாலும் சரி. பக்கத்து வீட்டுப் பெண் உடை மாற்றும்போது திரும்பி நிற்பதும், அவள் அடிபடும்போது கதவைத் தட்டுவதும் ஒரே மனசு செய்கிற காரியம். இன்று உங்கள் பிளாக்கில் முதலாவதைச் செய்ய ஆளில்லை, இரண்டாவதற்கும் ஆளில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தது. அன்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமா கூடாதா என்று எவரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் அலறல் வந்தால் மட்டும் ரிமோட்டைத் தேடுகிறோம். இது என்ன நியாயம்?

'குடும்ப விஷயம்' என்ற பேச்சுக்குச் சட்டத்திலும் இடம் கிடையாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதே தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், ஆணாதிக்கத்தை மூடி மறைக்கிற திரையாக அந்த உரிமையை ஆக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. அடிபடுகிறவள்தான் வந்து சொல்ல வேண்டும் என்றில்லை. தெரிந்த யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. அம்மா பயப்படுவது இதற்காகத்தான் என்றால், இதைப் படித்துக் காட்டு.

ஹாஸ்டலைக் கேட்டாய். போம்மா, தாராளமாகப் போ. சம்பாதிக்கிற பெண் ஒரு கட்டிலும் ஒரு பூட்டும் கேட்பதில் சுயநலம் எங்கே இருக்கிறது? ஆனால் போவதற்குள் இதைச் செய். பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அந்தப் பெண்ணிடம் பேசு. புத்தி சொல்லாதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமா, அவனை ஸ்டேஷனில் கூப்பிட்டு மிரட்டினால் போதுமா, எழுதிக் கொடுக்க வேண்டுமா, அவள்தான் சொல்ல வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் வேறு ஏதாவது பெயரில் போட்டுக் கொடு. ராத்திரி சத்தம் கேட்டால் குடித்திருக்கிறவனிடம் நீ தனியாகப் போய் நிற்காதே. எதிர்வீட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு போ. தட்டாமல் வீட்டுக்குள் வருகிற தைரியம் உள்ளவர், உன்னோடு நின்று ஒரு கதவைத் தட்டவும் செய்வார், கேட்டுப் பார். அவன் உங்கள் வாசலுக்கு வந்து கூச்சல் போட்டால் யோசிக்காமல் 100க்கு அடி. ஸ்டேஷனுக்குப் போகத் துணை வேண்டுமென்றால் எழுது. நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா