இனாண்டா அணையில் குளிக்கலாமா, மீன் சாப்பிடலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் இருக்கிறோம். மாதம் இரண்டு தரம் குடும்பத்தோடு இனாண்டா அணைக்குப் போவோம். பையன்கள் தண்ணீரில் இறங்கிக் குதிப்பார்கள், நான் தூண்டில் போடுவேன். போன வாரம் ஒருவர் வந்து கையடக்க மீட்டரைத் தண்ணீரில் வைத்துக் காட்டி, ‘டிடிஎஸ் குறைவு, சுத்தமான தண்ணீர்’ என்றார். பணம் கட்டினால் எங்கள் மீன்பிடி கிளப் பெயரில் சான்றிதழும் தருவாராம். வாங்கலாமா? பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை மட்டும்தான். ஒரு குடம் தண்ணீரில் ஒரு கரண்டி சாக்கடையைக் கலக்கிவிட்டு அதே மீட்டரை வையுங்கள், எண் பெரிதாக அசையாது. ஆனால் உங்கள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். உப்பு கூடுதலாக உள்ள போர்வெல் தண்ணீர் அதே மீட்டரில் ‘மோசம்’ என்று வரும், ஆனால் அதில் கிருமி இல்லாமலே இருக்கலாம்.

இவர்களுடைய இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு கிளாஸ் தண்ணீர் வைத்து, மின்கம்பிகளை உள்ளே விடுவார்கள். ஒன்று பழுப்பாகத் திரண்டு நாறும், இன்னொன்று தெளிவாகவே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் பயந்து அன்றைக்கே ஃபில்டருக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும். உப்பு இல்லாததில் ஓடாது. அவ்வளவுதான் மந்திரம். என் உறவிலேயே இரண்டு வீட்டில் இப்படி ஏமாந்திருக்கிறார்கள்.

சான்றிதழில் ‘சான்ஸ் 241’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது குழாய்க் குடிநீருக்கான தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம், அணையில் குளிப்பதற்கு அல்ல. குளிக்கிற தண்ணீருக்கு 1996இல் வந்த தேசிய வழிகாட்டி தனியாக இருக்கிறது. நீந்துகிற இடத்தில் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை 130க்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஈ.கோலை மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் வாழ்கிற கிருமி. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மீட்டர்க்காரரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

சரி, பரிசோதிப்பதென்றால் சானாஸ், அதாவது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற தேசிய அமைப்பு, அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போங்கள். அறிக்கையில் அங்கீகார எண் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் ஈ.கோலைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்கள். பையன்கள் விளையாடுகிற இடத்திலேயே, முழங்கை ஆழத்தில் எடுங்கள். பாட்டிலின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. ஐஸ்பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். காரின் பின்னால் வெயிலில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்தால் அது வேறு தண்ணீர். ஒரு தடவை எடுத்ததை நம்பி வருஷம் முழுவதும் குளிக்காதீர்கள். சில வாரம் விட்டு விட்டு எடுக்க வேண்டும், மழைக்குப் பிறகு ஒன்றையாவது சேர்த்து.

ஏனென்றால் இனாண்டாவின் கதை மழையில்தான் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி வருகிற டூசி ஆறு ம்கேனி ஆற்றோடு சேர்ந்து இந்த அணைக்குள் வருகிறது. டூசி படகுப் பந்தயக்காரர்கள் தங்கள் வயிற்றுப்போக்குக்கு ‘டூசி கட்ஸ்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், நான் வேறு என்ன சொல்ல? பலத்த மழைக்குப் பிறகு மூன்று நாளாவது இறங்க வேண்டாம். ஆறு உள்ளே வருகிற மேல்பக்கத்தை விட அணைச் சுவர்ப் பக்கம் கிருமி குறைவு. வருகிற வழியில் வண்டல் படியும், வெயிலும் கிருமியைக் கொல்லும்.

2022இல் வெளியான கிரீன் டிராப் அறிக்கையில், நாடெங்கும் நகராட்சிகள் நடத்துகிற 850 கழிவுநீர் அமைப்புகளில் 334 படுமோசம் என்று அரசே எழுதிவைத்தது. எழுதிவிட்டால் வேலை முடிந்துவிட்டதா? ஓர் அணையின் பரிசோதனை எண்களைக் கேட்டு நான் அலைந்தபோது ஓர் அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது முதலாவதையே காட்டியது. நீங்கள் அப்படி அலையாதீர்கள். 2000இல் வந்த தகவல் பெறும் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் படலம் தெரிந்தால் பையன்களை மட்டுமல்ல, நாயையும் இறக்காதீர்கள். அது நீலப்பச்சைப் பாசி. அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி, பெயின்ட் போல் ஒட்டினால் வீட்டுக்குத் திரும்புங்கள். பாசிக் காலத்தில் பிடித்த மீனின் குடலையும் ஈரலையும் எடுத்துவிட்டு, சதையை நன்றாகக் கழுவினால் ஆபத்து பெரிதும் குறையும்.

இப்போது மீன். மேலே சொன்ன விதி பொருந்தாத ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. இனாண்டாவுக்கு மேலே கேட்டோ ரிட்ஜில் வெளிநாட்டுப் பாதரசக் கழிவை இறக்குமதி செய்த ஆலை ஒன்று இருந்தது. 1990களில் அங்கே வேலை செய்தவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அதன் பக்கத்து ஓடை ம்கேனியில்தான் சேர்கிறது. பாதரசம் மீனின் குடலில் தங்காது, கொழுப்பிலும் தங்காது, சதையிலேயே கலந்துவிடும். குடலை எடுத்தாலும் போகாது. தோலை உரித்தாலும் போகாது. நம் வீட்டில் புளி ஊற்றி, மிளகாய் அள்ளிப் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. பொரித்தாலும் அப்படித்தான். மற்ற மீனைத் தின்று வளர்கிற, வயதான பெரிய மீனில்தான் அது அதிகம் சேரும்: பாஸ், பெரிய பார்பெல் (கெளுத்தி). சின்ன திலாப்பியாவில் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெரிய மீனைக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் பையன்களுக்குச் சின்ன திலாப்பியாவை எப்போதாவது குழம்பு வைத்துக் கொடுங்கள். பெரிய பார்பெல் மாட்டினால் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.