அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான சிம்ப்சன்ஸின் ஹாலோவீன் எபிசோடில் வந்த சமன்பாடு கால்குலேட்டரில் சரியாக வருகிறதே, அப்படியானால் ஃபெர்மாவின் தேற்றம் தவறா?

தேற்றம் தவறில்லை. கால்குலேட்டரின் திரைதான் சிறியது. அந்தச் சமன்பாட்டை அங்கே வைத்தவர் குறிபார்த்ததும் அந்தத் திரையைத்தான்.

1995 அக்டோபரில் ஒளிபரப்பான ‘ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்’ ஆறாம் தொகுப்பில் மூன்றாவது கதை இது. தொடரின் நாயகன் ஹோமருடைய மனைவியின் இரட்டை அக்காக்கள் தலையணை உறை நிறையக் கிளிஞ்சல்களோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சிக்காமல் இருக்க அவர் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளியப்போய் முப்பரிமாண உலகத்தில் விழுகிறார். அங்கே அவருக்குப் பின்னால் மிதக்கிறது:

1782¹² + 1841¹² = 1922¹²

அடுக்கு 2-ஐத் தாண்டிவிட்டால் இப்படி மூன்று மிகை முழுஎண்கள் அமையவே அமையாது என்பதுதான் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா சொன்னது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் பிடிபடாத அந்த நிரூபணத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் அச்சில் வெளியிட்டதும் அதே 1995-இல்தான். அந்தச் சூட்டோடு டிவியில் ஒரு எதிர் உதாரணம் மிதந்தால் கணக்குத் தெரிந்தவர் சும்மா இருப்பாரா? பெரும்பாலானோர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்கள் கால்குலேட்டரை எடுத்தார்கள், உங்களைப் போலவே திகைத்தார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள். இடப்பக்கத்தைக் கூட்டி, விடைக்கு 12-ஆம் மூலம் (12-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அந்த விடையே வரும் எண்) எடுங்கள். உண்மையான விடை 1921.99999996 சொச்சம். பத்து இலக்கத் திரையில் புள்ளிக்கு முன் நான்கு போக, பின்னால் ஆறு இடம்தான் மிச்சம். அதனால் 1922 என்று முழுசாக்கிக் காட்டிவிடும். பன்னிரண்டு இலக்கம் காட்டும் கருவியிலோ குட்டு உடைந்துவிடும்.

எக்செலில் பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இரண்டு பக்கத்தையும் தனித்தனி செல்லில் போட்டுக் கண்ணால் ஒப்பிடுவது. சாதாரண அமைப்பில் இரண்டுமே 2.54121 என்றுதான் தொடங்கும், அதற்கு மேல் தெரியாது. கழித்துப் பாருங்கள்: =1782^12+1841^12-1922^12. பூஜ்யம் வராது. வலப்பக்கம் சுமார் 7 × 10²⁹ அளவுக்குப் பெரியது. முப்பது இலக்க வித்தியாசம்! ஆனால் மொத்த எண்ணுக்கு நாற்பது இலக்கம் என்பதால், முதல் ஒன்பது இலக்கம் அச்சு அசலாக ஒத்துப்போய், பத்தாவதில்தான் 8, 9 என்று பிரிகிறது. அந்தப் பத்தாவதும் முழுசாக்கும்போது ஒன்றாகிவிடுகிறது (2.5412102586, 2.5412102593 இரண்டுமே 2.541210259 ஆகிவிடும்).

இவ்வளவு மெனக்கெடவே வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. 1782 இரட்டைப்படை, 1841 ஒற்றைப்படை. எத்தனை முறை பெருக்கினாலும் அந்தக் குணம் மாறாது. இரட்டையும் ஒற்றையும் கூடினால் ஒற்றை. வலப்பக்கம் 1922, இரட்டை. கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தாலும் போதும்: இந்தப் பக்கம் 6 + 1 = 7, அந்தப் பக்கம் 6. பள்ளிப் பிள்ளைகூடப் பிடித்துவிடலாம், ஆனால் கையில் கால்குலேட்டர் இருந்தால் யாருக்கு அது தோன்றுகிறது!

வைத்தவர் அந்தக் கதையை எழுதிய டேவிட் கோஹன். ஹார்வர்டில் இயற்பியல், பெர்க்லியில் கணினி அறிவியல் முதுகலை படித்தவர். நூலிழையில் தப்பும் எண்களைத் தேட ஒரு கணினி நிரலே எழுதியிருக்கிறார். ஒரு நொடி நகைச்சுவைக்கு இது அதிகப்படிதான், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

1998-இல் அதே தொடரில் ஹோமரின் கரும்பலகையில் இன்னொன்று வந்தது: 3987¹² + 4365¹² = 4472¹². இதில் ஒற்றை இரட்டைச் சோதனை பலிக்காது. ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை, 4472-உம் இரட்டை. மூலம் 4472.000000007 என்று வருவதால் பத்து இலக்கத் திரையும் கைவிட்டுவிடும். இதற்கு 3-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 3987-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, 4365-க்கு 18, இரண்டும் 3-ஆல் வகுபடும். 4472-க்கு 17, வகுபடாது.