நாலு பூங்கா, ஒரே நாள்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகிறோம். நானும் கணவரும், 4 வயதுப் பையன், 67 வயது மாமியார். விலங்குத் தோட்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். "மண்டாயில் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் இருக்கு மேடம், நாலு பூங்காவையும் ஒரே நாளில் முடிச்சிடலாம், தனித்தனியா எடுத்தா நஷ்டம்" என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பது என்னவோ உண்மைதான். ஆனால் நீங்கள் பணம் கொடுக்கப்போவது நான்கு வாசலுக்கு. நேரம் இருக்கப்போவது ஒன்றரை வாசலுக்கு.

சிங்கப்பூரின் மண்டாய் வட்டாரத்தில் இப்போது ஐந்து பூங்காக்கள் இருக்கின்றன. 1973-ல் திறந்த சிங்கப்பூர் விலங்குத் தோட்டம்தான் மூத்தது. 1994-ல் நைட் சஃபாரி வந்தது. இரவுக்கென்றே அமைத்த விலங்குப் பூங்கா உலகிலேயே அதுதான் முதல். அப்புறம் ஆற்று உயிரினங்களுக்கான ரிவர் வொண்டர்ஸ், 2023-ல் பேர்ட் பாரடைஸ், 2025-ல் ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா. உங்கள் ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸில் "ஜூரோங் பறவைப் பூங்கா" என்று இன்னும் போட்டிருக்கிறதா பாருங்கள். அது 2023 ஜனவரியிலேயே மூடியாயிற்று. பாண்டாக் குட்டி லெலே படம் இருந்தாலும் அதே கதைதான். 2024 ஜனவரியில் அது சீனாவுக்குப் போய்விட்டது. நோட்டீஸைப் புதுப்பிக்காதவர் விலைப்பட்டியலை மட்டும் புதுப்பித்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். விலங்குத் தோட்டம் காலை 8.30-க்குத் திறந்து மாலை 6-க்கு மூடுகிறது. 26 ஹெக்டேர். வெயிலும் புழுக்கமுமாக இருக்கும் ஊரில், நாலு வயதுக் குழந்தையின் நடையில், மாமியாரின் முழங்காலைப் பார்த்துப் பார்த்து நடந்தால் அதற்கே ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். அங்கே கூண்டுக்கம்பி அதிகம் கண்ணில் படாது. அகழியும் நீரும் செடியும்தான் வேலி. அதனால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று தேடிப் பார்க்க வேண்டும். நான் போனபோது ஒராங் உத்தான் ஒன்று, வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே கட்டிய கயிற்றில் ஒவ்வொரு கையாக மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தது. குட்டியின் ஒரு கை மட்டும் தாயின் செம்பட்டை முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அந்த இடத்தைவிட்டு நகர எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நாலு பூங்கா டிக்கெட் கையில் இருந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் நகர்ந்திருப்போம்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை: விலங்குத் தோட்டம் மட்டும் எடுங்கள். திறக்கும்போதே உள்ளே இருங்கள், மூன்று மணிக்குக் கிளம்புங்கள். தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே இருக்கும் ரிவர் வொண்டர்ஸுக்கு அன்றைக்கே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். சேர்த்து வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போகும், போகட்டும். பயன்படுத்தாத டிக்கெட்டில் தள்ளுபடி கிடைத்து என்ன ஆகப்போகிறது? நைட் சஃபாரியைப் பையன் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு வாண்டு டிராமில் ஏறிய ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போனான். அவன் பங்குச் சிங்கத்தையும் நானே பார்த்தேன்.

இன்னும் இரண்டு விஷயம். 3 முதல் 12 வயது வரை குழந்தை டிக்கெட், அதனால் பையனுக்கும் எடுத்தாக வேண்டும். மூத்தோர் சலுகை சிங்கப்பூர்வாசிகளுக்கு உரியது. மாமியாருக்கு முழு டிக்கெட்தான். சக்கர நாற்காலியும் ஸ்ட்ரோலரும் உள்ளே வாடகைக்குக் கிடைக்கும். மாமியார் "எனக்கெதுக்கு" என்பார், கேட்காதீர்கள்.

கேள்வி: வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் அதே டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். க்யூஆர் கோடு அனுப்புவாராம், பணம் முதலில் போட வேண்டுமாம். நம்பலாமா?

பதில்: வாசலில் ஒரு க்யூஆர் கோடு ஒரு முறைதான் வேலை செய்யும். அதே படத்தை அவர் இன்னும் ஆறு பேருக்கு அனுப்பியிருந்தால், முதலில் போய்ச் சேர்ந்தவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

மோசடியே இல்லாமலும் மாட்டிக்கொள்ள வழி உண்டு. உள்ளூர்வாசிகளுக்கான டிக்கெட் தனி, விலையும் குறைவு. அதை யாரோ வாங்கி உங்களுக்குத் தள்ளிவிட்டால், டிக்கெட் அசல்தான். ஆனால் நுழையும்போது உள்ளூர் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினால் செல்லாது.

தள்ளுபடியில் விற்கும் முறையான தளங்கள் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: தருவது நேரடி நுழைவுச் சீட்டா, கவுண்டரில் மாற்ற வேண்டிய வவுச்சரா? நான் ஒரு முறை, வேறொரு நாட்டில், நாலு காசு மிச்சம் பிடிக்கப்போய் வவுச்சர் வாங்கினேன். அதை மாற்றும் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். பக்கத்து வரிசையில் முழு விலை கொடுத்தவர்கள் க்யூஆர் கோடைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அடுத்ததாக, தேதி குறித்த டிக்கெட்டா, எந்த நாளும் போகலாமா என்று பாருங்கள். யாரிடம் வாங்கினாலும் பணத்தைக் கார்டில் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட இடமிருக்கும். கணக்குக்கு நேரே அனுப்பிய பணத்தைத் திருப்புவது பெரும்பாடு. விற்றவர் சிங்கப்பூர் நிறுவனமாக இருந்தால் அங்கே பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. வாட்ஸ்ஆப் ஆசாமியை அங்கே எந்தப் பெயரில் தேடுவீர்கள்?

கேள்வி: அங்கே கடையில் கார்டு போட்டபோது மெஷின் வெள்ளியிலும் நம்மூர்ப் பணத்திலும் இரண்டு தொகை காட்டியது. புரிந்த கணக்காயிற்றே என்று நம்மூர்ப் பணத்தை அமுக்கினேன். கூடுதலாகப் போய்விட்டதோ?

பதில்: போயிருக்கும். நம்மூர்ப் பணத்தை அமுக்கினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது அந்த மெஷின்காரர்கள். தங்கள் லாபத்தை அதிலேயே சேர்த்துவிடுவார்கள். அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்றுகிற வேலையை உங்கள் கார்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அதுவும் கட்டணம் எடுக்கும்தான், ஆனாலும் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. சில இடங்களில் உங்களைக் கேட்காமல் கடைக்காரரே அமுக்கிவிடுவார். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ரசீதில் தவறாக இருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

கேள்வி: மழை வந்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது என்ற கணக்கிலேயே போங்கள். அங்கே மழை வருவது அதிசயமில்லை, பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டுப் போகும். நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னும் அதிகம். ஆளுக்கொரு மழைக்கோட்டு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், மழை தொடங்கியபின் உள்ளே தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே, டிக்கெட்டுக்கும் உண்டா?

பதில்: டிக்கெட்டுக்குக் கிடையாது, உள்ளே சாப்பிட்டதற்கும் கிடையாது. நீங்கள் நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லும் பொருளுக்கு மட்டும்தான். அதிலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும், குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். வரி 9 சதவீதம். அதற்காகப் பொம்மைக் குரங்கை 100 வெள்ளி வரை இழுக்காதீர்கள்.

கேள்வி: நைட் சஃபாரி முடிந்து எப்படித் திரும்புவது? டாக்ஸி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் நள்ளிரவு 12-க்குப் பிறகு ஏறினால் மீட்டர் தொகைக்கு மேல் 50 சதவீதம் கூடுதல். பூங்கா மூடுவதும் 12-க்குத்தான், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். பத்தரைக்கே வெளியே வந்தால் பேருந்தும் இருக்கும். 138-ஆம் எண் பேருந்து ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையம் வழியாக அங் மோ கியோ போகிறது.