பட்டறைத் திண்ணை: கழற்றிப் போட்ட எஞ்சின்

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஜீப். அதனால் முழுப் பக்கமும் அதற்கே. பதில் சொல்பவர் வியாசர்பாடிக்காரர், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

என் வீட்டுக்காரர் பழைய மகிந்திரா ஜீப்பின் எஞ்சினை மாடிப்படிக்கு அடியில் பிரித்துப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. என் இட்லித் தட்டு, மூன்று டிபன் டப்பா, மாமியாரின் பித்தளை அண்டா எல்லாவற்றிலும் நட்டும் போல்ட்டும்தான். இது திரும்ப ஓடுமா? காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் அந்த இட்லித் தட்டைப் போய்ப் பாருங்கள். குழிக்கு ஒரு வால்வாக வரிசை மாறாமல் வைத்திருக்கிறாரா? அப்படியானால் மனிதர் விஷயம் தெரிந்தவர், மன்னித்துவிடலாம். எட்டும் ஒரே குவியலாகக் கிடந்தால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒவ்வொரு வால்வும் அதனதன் சீட்டில் உட்கார்ந்து தேய்ந்தது. இடம் மாறினால் மறுபடி பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடும் டேப்பட்டும்கூட அவரவர் இடத்துக்குத்தான் போக வேண்டும். முட்டை அட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள், டேப்பட் வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. எஞ்சினுக்கு அடியில் சுற்றும் தண்டான கிராங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெயின் பேரிங் கேப்களை, அதாவது மூடிகளை, தனித்தனியாகச் செய்து மாட்டுவதில்லை. கேப்பை எஞ்சினின் உடலான பிளாக்கில் முடுக்கிய பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குடைவார்கள். அதனால் எந்தக் கேப் எந்த இடம், எந்தப் பக்கம் முன்னால் என்பது மாறவே கூடாது. மாறினால் கிராங்க் சுற்றாமல் பிடிக்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் அப்படித்தான், பக்கவாட்டில் ஒரே எண் குத்தியிருக்கும். அண்டாவுக்குள் கை விட்டு அந்த எண்களைத் தேடச் சொல்லுங்கள். எண்ணே இல்லையென்றால் லேத் பட்டறையில் ஒவ்வொன்றாக மாட்டி, உள்விட்டம் அளந்துதான் ஜோடி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிறீர்கள், உப்புக் காற்று. சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால், அவர் ஆயில் தடவி பாலிதீன் சுற்றாமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதற்கு நீங்கள் திட்டலாம். இட்லித் தட்டை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். அவர் செலவில் புதிது வாங்குங்கள்.

1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப் வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, வெள்ளைப் புகை. மெக்கானிக் 'முழு எஞ்சின் வேலை' என்கிறார். வீட்டிலேயே நானும் தம்பியும் இறக்கிச் செய்ய முடியுமா?
– கொடுங்கையூர் வாசகர்

செய்யலாம், ஆனால் இறக்குவதற்கு முன்னால் எஞ்சினிடம் நாலு கேள்வி கேளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது, சிலிண்டருக்கு மேல் மூடியான ஹெட்டில் உள்ள சின்ன அறையில் முதலில் எரியும். அந்த அறையைச் சூடாக்கத்தான் ஹீட்டர் பிளக். நாலில் இரண்டு செத்துப்போனாலே நீங்கள் சொல்லும் காலை நேரத்து அடம் வந்துவிடும், புகையும் வெள்ளையாக வரும், எரியாத டீசல் அது. பிளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் பல்பு வழியாகப் பிளக் முனையில் தொடுங்கள். பல்பு எரியவில்லை என்றால் பிளக் போச்சு. பத்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் எஞ்சினை இறக்கியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பிளக் நன்றாக இருக்கிறதா? வண்டி சூடானதும், ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கிய காற்று, பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சூடான பிறகும் பின்னால் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. இரண்டும் சேர்ந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, இறக்குங்கள்.

இருநூறு கிலோ பக்கம் எடை வரும். மாடி பால்கனி கொக்கியில் எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி என் பொறுமையைச் சோதிக்காதீர்கள், அந்தக் கொக்கி ஊஞ்சலுக்குப் போட்டது. கனமான இரும்புக் குழாயில் முக்காலி வாடகைக்குக் கிடைக்கும். மூன்று காலையும் சங்கிலியால் ஒன்றோடு ஒன்று கட்டுங்கள், இல்லையென்றால் எடை ஏறியதும் கால் வழுக்கி விரியும்.

ஹெட்டை எடுத்ததும் சிலிண்டரின் மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் மேல் ரிங் வந்து நிற்கும் இடத்தில் ஒரு படி தட்டும். தேய்மானம் அதிகம் அங்கேதான். நகம் தடுக்கி நின்றால் ரிங் மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, புது ரிங் அந்தப் படியில் இடித்து உடையும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேல், நடு, அடி என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளந்து எழுதுங்கள். இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 90 மில்லிமீட்டர். எழுதின காகிதம் கையில் இல்லாமல் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு பஸ் ஏறாதீர்கள். 'பிஸ்டன் செட் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்.

புது ரிங் வந்ததும் அப்படியே பிஸ்டனில் மாட்டிவிடக் கூடாது. வெறும் ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, தேயாத அடிப்பகுதி வரை தள்ளுங்கள். பிஸ்டன் தள்ளினால்தான் ரிங் கோணாமல் உட்காரும். இப்போது ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகட்டை நுழையுங்கள். பொதுக் கணக்கு: போரில் ஒரு அங்குலத்துக்கு மூன்று, நான்கு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு. உங்கள் 90 மில்லிமீட்டர் சுமார் மூன்றரை அங்குலம், 10 முதல் 14 தவ் வரும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு முட்டி, சிலிண்டரைக் கீறிவிடும். கூடுதலாக இருந்தால் கம்ப்ரஷன் ஒழுகும். பெட்டியில் வந்த ரிங்தானே என்று விடாமல் ஒவ்வொன்றையும் அளங்கள்.

லேத் பட்டறையில் கிராங்கை 20 சைஸுக்குச் சாணை அடித்து, புது பேரிங்கும் கொடுத்து, 'அப்படியே மாட்டலாம்' என்கிறார்கள். நம்பலாமா?
– காசிமேடு வாசகர்

அவர்களை நம்புங்கள், ஆனால் 'அப்படியே'வை நம்பாதீர்கள். நான் நம்பினேன். என் ஜீப்பின் கிராங்க் அடித்து வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். துணியால் ஒரு துடை துடைத்து மாட்டிவிட்டேன். மறு வாரமே குடும்பத்தோடு பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். மீஞ்சூர் தாண்டியதும் ஆயில் பிரஷர் முள் படுத்தது, அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். மாமனார் பின்சீட்டிலிருந்து, 'என்ன மாப்ளே, யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு' என்றார். வண்டியைக் கட்டி இழுத்து வந்து, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைத் திறந்தால் பேரிங் முழுக்கக் கோடு கோடாகக் கீறி, அடியில் செம்பு நிறம் தெரிந்தது.

காரணம் கிராங்குக்கு உள்ளே இருந்தது. கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதிதான் ஜர்னல். மெயின் ஜர்னலிலிருந்து ராடு ஜர்னலுக்குச் சாய்வாக ஆயில் துளை போகும். சாணைக்கல்லின் பொடி அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், வெளியே எவ்வளவு துடைத்தாலும் வராது. எஞ்சின் ஓடியதும் ஆயிலே அதைக் கொண்டுபோய் பேரிங்கில் கொட்டும்.

இப்போது பட்டறை வாசலிலேயே என் வழக்கம் இது: பழைய கிளட்ச் கேபிளின் உள் ஒயரில் பனியன் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, ஒவ்வொரு துளையிலும் இழுப்பேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை. பிறகு காற்று அடிப்பேன். கடைசியாகத்தான் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலையும் நாலு இடத்தில் அளப்பேன். 20 சைஸ் என்றால் ஸ்டாண்டர்டை விட 20 தவ் குறைய வேண்டும். அளவு தப்பினால் பட்டறை வாசலிலேயே பேசி முடித்துவிடலாம், வீட்டுக்கு வந்தபின் பேச்சுக்கு மதிப்பில்லை.

தாத்தா விட்டுப்போன சி.ஜே. 3பி ஜீப்பின் பானட் மட்டும் ஏன் இவ்வளவு உயரம்?
– பெரம்பூர் வாசகர்

உள்ளே இருக்கும் 'ஹரிகேன்' பெட்ரோல் எஞ்சின் உயரம். காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வு ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில் என்று ஒரு விசித்திர ஏற்பாடு. முந்தின எஞ்சினில் எல்லா வால்வும் பிளாக்கில்தான், அதனால் குட்டை. 1953-ல் இந்த எஞ்சினை உள்ளே வைக்க பானட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, செட் பண்ணும்போது மேல் மூடியை மட்டும் திறந்து, வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாட்டு மூடிக்குள் இன்னும் நாலு வால்வு காத்திருக்கிறது.

புதுப்பேட்டையில் ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய எஞ்சினையே வாங்கி மாட்டினால் என்ன?
– எண்ணூர் வாசகர்

மாட்டலாம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பழைய எஞ்சின் எண். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதியாமல் ஓட்டினால், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் அன்று மாட்டுவீர்கள். பில் இல்லாத எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள், அது யார் வண்டியிலிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால் பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

எஞ்சின் வேலை முடிந்தது. வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ராத்திரி முழுக்க ஐட்லிங்கில் ஓடவிட்டால் நன்றாகப் பழகும் என்கிறார்கள். பழைய ஆயிலை என்ன செய்வது?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

ராத்திரி முழுக்க விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் பழகுவார். ரிங்கை சிலிண்டர் சுவரோடு அழுத்துவது உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம். ஐட்லிங்கில் அந்த அழுத்தம் போதாது, சுவர் தேயாமல் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, ஆயில் எரிவது நிற்கவே நிற்காது. ஸ்டார்ட் பண்ணி, ஆயில் பிரஷர் ஏறியதா, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்த்து, சூடானதும் ரோட்டுக்கு எடுங்கள். மிதமான சுமை, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு மிதி வேண்டாம், ஒரே வேகமும் வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேப்பட் மறுபடி பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது நேரே பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். கேனில் பிடித்து வையுங்கள். எங்கள் தெருவில் சென்டரிங் பலகைக்குப் பூச என்று கட்டட வேலைக்காரர்களே வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள்.